முப்பது பவுண்டு காற்று

சொந்தமாகக் கார் வைத்திருக்கும் நண்பர்கள் பத்துப் பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். "நடு ரோட்டில் டயர்ல காத்து போயிட்டா என்ன பண்ணுவே?"

எட்டுப் பேர், "இது ஒரு கேள்வியா? ஸ்டெப்னி மாத்துவேன்" என்றார்கள். ஒருவர், "டிரைவர் பார்த்துப்பார்" என்றார். (அவர் டிரைவர் வைத்திருக்கும் செய்தியை எனக்குச் சொல்ல இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தான் காத்திருந்தார் போல.) பத்தாமவர், "என்னுது டியூப்லெஸ். காத்தே போகாது" என்று அடித்துச் சொன்னார்.

விடாமல் அந்த எட்டுப் பேரிடமும் அடுத்த கேள்வியைப் போட்டேன். "ஸ்டெப்னியில காத்து இருக்கா?"

அப்புறம் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.

இந்த 'ஸ்டெப்னி' என்கிற வார்த்தையே ஒரு தெருவின் பெயர் என்றால் நம்புவீர்களா? பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லானெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் என்று இரண்டு பேர் 1904-ல் காருக்கு உபரிச் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை கார்களில் உபரிச் சக்கரமே கிடையாது. பஞ்சர் ஆனால் ரோட்டோரம் உட்கார்ந்து டயரைக் கழற்றி, ஒட்டி, மாட்டி, பம்ப் அடித்து... அதற்குள் மாட்டு வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். டேவிஸ் சகோதரர்களின் சக்கரம் உலகமெல்லாம் விற்றது. இன்று இங்கிலாந்துக்காரரிடம் போய் 'ஸ்டெப்னி' என்றால் லண்டனில் ஒரு பேட்டைக்கு வழி சொல்வார். நாம்தான் அந்தத் தெருவை இன்னும் டிக்கியில் வைத்துக் கொண்டு சுற்றுகிறோம்.

டிக்கியில் என்றா சொன்னேன்? அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாமான்கள் மூன்றும் இருந்தால் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. ஆகவே புதுக்கார் வாங்குகிறவர்கள் ஷோரூமில் பூஜை போடுவதற்கு முன் ஒரு தரம் டிக்கியின் தரையைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. சில கார்களில் ஒல்லியாக ஒரு சக்கரம் இருக்கும், சவலைப் பிள்ளை மாதிரி. அதன் மேலேயே '80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே' என்று எழுதியிருக்கும். சிலவற்றில் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு புட்டியும் குட்டி கம்ப்ரஸரும் இருக்கும். புட்டியில் இருப்பது குடிக்கிற சமாசாரம் இல்லை.

ஆக, ரோட்டில் நின்றுகொண்டு டயருக்குள் காற்றை ஏற்றுகிற வித்தையை நாம் எல்லாருமே தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டிய காலம் வந்திருக்கிறது.

முதலில் கணக்கு. ஒரு சின்னக் கார் டயரின் வயிறு சுமார் 25 லிட்டர் கொள்ளும். அதில் முப்பது பவுண்டு அழுத்தம் (பஞ்சர் கடை பாஷையில் பவுண்டுதான், பி.எஸ்.ஐ. என்று சொன்னால் பையன் நம்மை ஒரு மாதிரி பார்ப்பான்) வேண்டுமென்றால், வெளிக்காற்று இன்னும் 50 லிட்டரை உள்ளே அமுக்க வேண்டும். வீட்டில் இருக்கிற, காலால் மிதித்துக் கொண்டு இரண்டு கையாலும் அடிக்கிற சைக்கிள் பம்ப் ஓர் அடிக்கு அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் தள்ளும். 0.4 லிட்டர் என்று வைத்தால் 125 அடி. அது காகிதத்தில். கசிவு, மூச்சு வாங்குதல், "விடுங்க, நான் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பத்தே அடியில் இடுப்பைப் பிடித்துக் கொள்ளும் உறவினர் எல்லாம் சேர்த்து 150-க்கு மேல் போகும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் முதல் ஐம்பதிலேயே கடவுளைக் காணலாம். ஆனாலும் முடியாத காரியமில்லை. ஒன்றே ஒன்று: சைக்கிள் டியூபின் வால்வு வேறு, கார் வால்வு வேறு. பம்பின் வாய் கார் வால்வில் உட்காருமா என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிட வேண்டும்.

காலால் மிதிக்கிற பம்ப் இதைவிடத் தேவலை. அதில் அழுத்தமானியும் இருக்கும். ஆனால் மனைவியின் பட்டுப் புடவை, நம்முடைய பட்டு வேட்டி இரண்டுக்கும் அது பரம எதிரி. கல்யாணத்துக்குப் போகிற வழியில்தானே டயருக்குக் காற்றுப் போகும்?

இன்றைக்கு எல்லாரும் வாங்குவது பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரஸர். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகினால் 'டர்ர்ர்' என்று அக்கம்பக்கத்தை எழுப்பிக் கொண்டு ஐந்து பத்து நிமிடத்தில் நிரப்பிவிடும். உண்மையிலேயே நல்ல சாமான். வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். ஒயர் பின் சக்கரம் வரை எட்டுகிறதா? (கடைக்காரர் "எட்டும் சார்" என்பார். அவர் கார் வேறு, உங்கள் கார் வேறு.) அது இழுக்கிற கரண்டை அந்த ஓட்டையின் ஃபியூஸ் தாங்குமா? எத்தனை நிமிடம் ஓட்டலாம், எத்தனை நிமிடம் ஆற விடவேண்டும் என்று போட்டிருக்கிறதா? ஓட்டும்போது என்ஜின் ஓடிக் கொண்டிருக்கட்டும். இல்லாவிட்டால் டயர் எழுந்து உட்காரும், பேட்டரி படுத்துவிடும்.

கடன் வாங்குகிற முறை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் வாய் உள்ள ஒரு ரப்பர் குழாய். ஒரு முனை நல்ல டயரில், மறு முனை காலி டயரில். அங்கே 32, இங்கே பூஜ்யம் என்றால் இரண்டும் 16-ல் வந்து நிற்கும். இப்படி மூன்று சக்கரத்திடமும் ஸ்டெப்னியிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சமமாகப் பங்கு போட்டால், ஐந்துக்கும் 25-க்குச் சற்று மேல் கிடைக்கும். நாலு பேருக்கு வடித்த சோற்றில் ஐந்தாவது இலை போடுகிற மாதிரி. மெதுவாக ஓட்டிப் பக்கத்து பங்க் வரை போய்ச் சேரலாம். 'ஸ்டெப்னியில் காற்று இருந்தால் அதையே மாட்டிவிடலாமே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மாட்டலாம், சக்கரத்து நட்டு கழன்றால். போன தடவை சர்வீஸில் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கி அனுப்பிய நட்டு அது. ஸ்பானர் மேல் ஏறி நின்று குதித்தும் அசையாத நட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கடன் முறையை ஒரு கார் கம்பெனியே வேறு வேலைக்குப் பயன்படுத்தியது. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் முன் கண்ணாடியைக் கழுவத் தண்ணீர் பீச்சுவதற்குத் தனி மோட்டார் கிடையாது. ஸ்டெப்னியின் காற்றுதான் தண்ணீரைத் தள்ளும்! ஸ்டெப்னி ஒரேயடியாகக் காலியாகாமல் இருக்க நடுவில் ஒரு வால்வு. கண்ணாடியில் தண்ணீர் வரவில்லை என்றால் ஸ்டெப்னியில் காற்று குறைந்துவிட்டது என்று அர்த்தம். நம் எட்டு நண்பர்களுக்கும் இந்தக் காரைத்தான் சிபாரிசு செய்ய வேண்டும்.

அந்தக் காலத்து அசகாய சூரர்கள் என்ஜினையே பம்ப்பாக மாற்றினார்கள். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் குழாயுடன் கூடிய ஒரு கருவியைத் திருகுவார்கள். மீதி சிலிண்டர்களில் என்ஜின் நொண்டி நொண்டி ஓட, வேலையில்லாத பிஸ்டன் காற்றடிக்கும். இன்றைய கார்களின் பானெட்டைத் திறந்தால் ஸ்பார்க் பிளக் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும். ஆகவே கேட்டு ரசிப்பதோடு சரி.

சைக்கிள் பந்தயக்காரர்கள் வைத்திருக்கும் குட்டி கார்பன்டை ஆக்சைடு குப்பிகளைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். 16 கிராம் குப்பியிலிருந்து எட்டு லிட்டர் சொச்சம் வாயு வரும். சைக்கிளுக்கு ஏதேஷ்டம். காருக்கு ஆறேழு குப்பி வேண்டும். அதற்கு ஒரு பம்ப்பே வாங்கிவிடலாம்.

நுரை பீச்சுகிற டப்பா? அவசரத்துக்கு நல்லது. வால்வு வழியாக உள்ளே போய் ஓட்டையை அடைத்துக் கொஞ்சம் காற்றும் தரும். ஆனால் பிறகு பஞ்சர் கடையில் மறக்காமல் "உள்ளே நுரை அடிச்சிருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். சில டப்பாக்களில் நுரையைத் தள்ளுகிற வாயு தீப்பற்றக்கூடியது. விவரம் தெரியாத ஆள் டயரைப் பிரிக்கும்போது பக்கத்தில் பீடி நெருப்பு இருந்தால் போதும்.

தீ என்றதும் ஞாபகம் வருகிறது. ஐஸ்லாந்துப் பனியில் பெரிய ஜீப்புகளை ஓட்டுகிறவர்கள், டயரின் விளிம்பு சக்கரத்தை விட்டுக் கழன்றால், எரியும் திரவத்தை உள்ளே பீச்சிக் கொளுத்துவார்கள். 'டுமீல்!' விளிம்பு ஓடிப்போய் ரிம்மில் உட்கார்ந்துகொள்ளும். வீடியோவில் இதைப் பார்த்துவிட்டு என் மச்சினன், "அத்தான், பெட்ரோல்தான் நம்மகிட்டயே இருக்கே!" என்றான். அந்த வெடி விளிம்பை உட்கார வைக்கும், அவ்வளவுதான். காற்றை பம்ப்பால்தான் அடித்தாக வேண்டும். கையும் முகமும் போனபிறகு பம்ப் அடிப்பது யார்?

காற்றை ஏற்றுவது ஒரு பாதி. ஏற்றின காற்று நிற்குமா என்பது மறு பாதி. டியூப் உள்ள பழைய டயரில் ஆணி ஏறினால் சில நிமிடங்களில் தரையோடு தரை. எத்தனை அடித்தாலும் ஓட்டைப் பானைதான். டியூப்லெஸ்ஸில் ஆணியே அடைப்பானாக நிற்கும். காற்று மணிக்கணக்கில் மெல்லக் கசியும். ஆகவே ஆணியைப் பார்த்ததும் பிடுங்கத் துடிக்கிற கையைக் கட்டிப் போடுங்கள். அது பாட்டுக்கு இருக்கட்டும். காற்றை அடித்து, மெதுவாகக் கடைக்குப் போய்விடலாம். ஆணியே தெரியவில்லை என்றால் வால்வு வாயில் ஒரு துளி எச்சில் வைத்துப் பாருங்கள். குமிழி விட்டால் குற்றவாளி அகப்பட்டான். டயரின் பக்கவாட்டில் கிழிசலா, அல்லது காற்றே இல்லாமல் ஒரு கிலோமீட்டர் ஓட்டி வந்திருக்கிறீர்களா? அந்த டயருக்குக் காற்றடிக்காதீர்கள். உள்ளே நைந்திருக்கும். அடிக்கும்போதே பக்கவாட்டில் வெடிக்கலாம்.

போன வருஷம் மாமனாருக்குச் சென்னையில் ஆஞ்சியோகிராம். காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். விழுப்புரத்திலிருந்து ராத்திரி மூன்று மணிக்கு மச்சினன் காரில் கிளம்பினோம். திண்டிவனம் தாண்டி அச்சிறுப்பாக்கத்துக்கு முன்னால் வண்டி இடது பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின் சக்கரத்தில் ஆணி. டிக்கியில் இருந்த பெட்டி, பிளாஸ்க், ரிப்போர்ட் பை, வெள்ளரிப்பிஞ்சுக் கூடை (டாக்டருக்காம்) எல்லாவற்றையும் இறக்கிவைத்து மச்சினன் ஸ்டெப்னியை எடுத்துப் போட்டான். அது 'தொப்' என்று விழுந்து, விழுந்த இடத்திலேயே படுத்துக் கொண்டது. ஷோரூமில் அடைத்த காற்று. அதற்குப் பிறகு அதன் முகத்தில் யாரும் விழிக்கவில்லை.

மாமனார் பின் சீட்டில் மார்பைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எண்பதில் நூறில் பஸ்கள் பறக்கின்றன. ஒவ்வொன்றும் போகும்போது கார் ஒரு குலுக்கல் குலுங்குகிறது. மச்சினன் பின்னால் போய் நாலு பெரிய கல்லைப் பொறுக்கி ரோட்டில் வைத்துவிட்டு, 1033-க்குப் போன் போட்டுக் கொண்டிருந்தான். (தேசிய நெடுஞ்சாலை உதவிக்கான எண். குறித்துக் கொள்ளுங்கள்.)

அதற்குள் ஒரு லாரி ஓரங்கட்டி நின்றது. டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டு.

"அண்ணே, கொஞ்சம் காத்து..." என்று மச்சினன் ஆரம்பித்தான்.

"காத்து இருக்குங்க. அது எங்க ஓடிப்போவுது? முதல்ல பெரியவரை வண்டியிலேருந்து இறக்குங்க சார்! நின்ன வண்டி பின்னாடிதான் வந்து அடிப்பானுங்க. அந்தக் கம்பிக்கு அந்தாண்ட உட்கார வைங்க."

பாதுகாப்புத் தடுப்புக்கு அப்பால் பெட்டியைப் போட்டு மாமனாரை உட்கார வைத்தோம். டிரைவர் தன் லாரிக்குப் பின்னால் சிவப்பு முக்கோணத்தைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தார். அதே மாதிரி ஒன்று எங்கள் டிக்கியிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து நீளமான ஒரு குழாயை உருவி, லாரியின் அடிவயிற்றில் ஏதோ ஒரு வாயில் திருகினார். காற்று பிரேக் உள்ள லாரியில் எப்போதும் காற்றுத் தொட்டி நிரம்பியிருக்கும். கார் டயரைப் போல மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தில். அதனால் விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். அவரிடம் மீட்டர் எதுவும் இல்லை. டயருக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று, லிவர் கம்பியால் ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கேட்பு, மறுபடி காற்று. மிருதங்க வித்வான் சுருதி சேர்ப்பது போல இருந்தது.

"முப்பது இருக்கும். ஆணியைத் தொடாதீங்க. நாப்பதுலயே போங்க."

பணம் கொடுக்கப் போனான் மச்சினன். "பெரியவருக்கு இளநி வாங்கிக் குடுங்க" என்றார். வெறும் வயிறு விஷயத்தைச் சொன்னதும், "அப்ப வரும்போது வாங்கிக் குடுங்க" என்று வண்டியில் ஏறினார்.

நாங்களும் கிளம்பப் போனபோது மாமனார், "மாப்பிள்ளை, அந்தக் கல்லு!" என்றார். மச்சினனுக்கு அவசரம். "அப்பா, நேரமாச்சு..." "எடுக்காம வண்டியை எடுத்தே, நான் ஏற மாட்டேன்." நாலு கல்லையும் ஓரத்தில் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். இருட்டில் பைக்கில் வருகிறவனுக்கு அந்தக் கல்லுக்கும் எமனுக்கும் வித்தியாசம் கிடையாது. நம் ரோடுகளில் பழுதான வண்டி போனபிறகும் அதன் கற்கள் மட்டும் காவல் காப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த பங்கில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். 29. (பங்க்குகளில் காற்று இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி. 'மிஷின் ரிப்பேர்' என்று அட்டை தொங்கவிடக் கூடாது என்று விதியில் இல்லை போலிருக்கிறது.)

ஒரு பவுண்டு வித்தியாசத்தை வியந்தபடி, விடிகிற நேரத்தில் ரோட்டோரம் பழைய டயரில் வெள்ளைப் பெயின்டால் 'பஞ்சர்' என்று எழுதி நிறுத்தியிருந்த கடைக்குப் போனோம். பையன் ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் சொருகி, மிச்சத்தை நறுக்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டான். பக்கத்தில் அவன் முதலாளி ஒரு லாரிச் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டிக் கொண்டிருந்தார். பழைய மாதிரி லாரி ரிம்மில் இரும்பு வளையம் ஒன்று இருக்கும். லாக் ரிங். அது சரியாக உட்காராமல் காற்றடித்தால் பீரங்கிக் குண்டு மாதிரி எகிறும். எதிரில் இருப்பவர் பிழைப்பது அரிது. சங்கிலி அதற்காகத்தான்; இரும்புக் கூண்டுக்குள் வைத்து அடிப்பது இன்னும் உத்தமம். 'காத்தடிக்க இவ்வளவா கேக்கறே?' என்று நாம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிற ஆள், தினமும் அந்த வளையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மச்சினன் ஸ்டெப்னியையும் இறக்கி, "இதுக்கும் அடிங்க" என்றான். கேட்ட காசைப் பேசாமல் கொடுத்தான்.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். நர்ஸ் மாமனாரின் கையில் பட்டையைச் சுற்றியபடி, "பிரஷர் எவ்வளவு இருக்கும் தாத்தா, வழக்கமா?" என்றாள்.

"முப்பதும்மா. ராத்திரிதான் லாரியிலேருந்து பிடிச்சோம்" என்றார் மாமனார்.